முள்ளாக நின்ற இறகு

அறுவடை முடிந்த எங்கள் கழனியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, நானும் கணவரும் மூங்கில் வில்லில் அம்பு விட்டுப் பழகுகிறோம். கட்டுக்குள் புகுந்து புகுந்து அம்பின் வான்கோழி இறகுகள் தேய்ந்துபோகும். அவற்றை மாற்றி ஒட்டுவது அவர் வேலை.

அன்று நாணைக் கன்னம்வரை இழுத்துப் பிடித்திருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. ஓர் இறகின் முன்நுனியில் சுற்றிய நூல் தேய்ந்து அறுந்து, நடுத்தண்டு முள்ளைப் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. விட்டால், வில்லைப் பிடித்திருக்கும் என் கையைக் கிழித்துக்கொண்டுதான் போகும்.

“இன்னாம்மே பாத்துக்கினு கீற? வுடு” என்றார் பின்னாலிருந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். இறகை அவரிடம் காட்டினேன்.

“தேஞ்சிகீது, அவ்ளோதான். நான் ஒட்னது எங்கயும் போவாது.”

வில்லைப் பிடுங்கிக்கொண்டார். “வேணாங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விட்டுவிட்டார்.

வில் பிடித்த கையைப் பற்றிக்கொண்டு குனிந்தார். ஆள்காட்டி விரலின் அடியில் இறகுத்தண்டு ஆழமாக ஏறி ஒடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன். ஏரிக்கரையில் திரும்பும்போது பின்னாலிருந்து மெல்லக் கேட்டார். “அம்பு கட்டுல பட்டுதா?”

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.