சோப்பு போட்டுக் கழுவிட்டுக் காட்டுங்க

டாக்டர் சாந்தகுமாரின் மகன் போன் செய்தபோது, காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அப்பா தூக்கத்திலேயே தவறிவிட்டார் என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். போன வியாழக்கிழமைதான் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று சொன்ன மனுஷன், இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது? "அப்பாவைப் பாக்கறீங்களா டீச்சர்?" என்று கேட்டு, மகன் வீடியோவில் காட்டினார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெட்டையான மனிதர். இத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. தலையும் தோளும் தவிர அவரை நான் பார்த்ததே இல்லை.

முள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெற்றோரே, உங்களில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். எங்கள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்ததால், ஆரணியிலிருந்து ஒருவர் திரை வழியாகப் பாடம் எடுக்க ஏற்பாடானது. பாடம் முடிந்தபின் அந்தத் திரை சும்மா கிடந்தது. வியாழக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று சென்னையிலிருந்து இவர் அதில் வந்து சேர்ந்தார். வெம்பாக்கம் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். குழந்தை வைத்தியத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம் என்று நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே டீச்சரம்மா. நான் சொல்ற எடத்துல நீங்க தொட்டுப் பாருங்க" என்றார். வாயை அடைக்கத் தெரிந்தவர்.

முதல் வாரமே கூத்து. ஒரு பையன் கையை நீட்டினான். விரல் நுனியெல்லாம் கருநீலம். டாக்டரின் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. பையனை அசையாமல் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று பதறினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "சாயம் சார். மயில் கழுத்துக் கலரு" என்றான் பையன். சாயம் போடும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிவிட்டுப் போய் ஈரப் பட்டு நூலை உதறிக் காயப்போடுவார்கள். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் அரக்கு. எங்களுக்கு அது கண்ணிலேயே படாது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் டாக்டர்தான். ஆனால் அடுத்த வாரம் திரைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புக் கட்டியும் வைக்கச் சொன்னார். ஊரே சாயத்தில் முங்கிக் கிடக்கிறது, யாரைக் கழுவி யாரை விடுவது என்று சலித்துக்கொண்டேன். அவர் விடவில்லை.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுக் காட்டுங்க. போயிடுச்சின்னா சிரிங்க. போவலைன்னா என்னைக் கூப்பிடுங்க."

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். அதனால் வெளிச்சம் மங்குவதற்கு முன் திரைக்கு முன்னாலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். அவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். கத்தரிக்காயைத் தொடாத பையன்களுக்கெல்லாம் அவர்தான் ருசி காட்டினார். பிள்ளைகளுக்கு டாக்டர் என்றால் ஊசி இல்லை, டிபன் பாக்ஸ்.

யாமினி விஷயம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சாயம் போடும் கஸ்தூரியின் மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு அவள் கையில் நீலம். சாயம்தான் என்று நான் சொன்னேன், வகுப்பும் சொன்னது, கூட வந்திருந்த கஸ்தூரியும் சொன்னாள். டாக்டர் சோப்பைக் கைகாட்டினார். கழுவினோம். மறுபடி கழுவினோம். தண்ணீரில் நீலம் இறங்கியது, நகத்துக்கடியில் இருந்தது மட்டும் இறங்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், அதிலும் நீலம். விரல் நுனிகளைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். பிறகு கஸ்தூரியிடம், "விளையாடிகினு இருக்கும்போது நடுவுல குந்திக்குமா பாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நாலு எட்டு ஓடுனா குந்திக்கும். சோம்பேறிங்க அது" என்றாள் கஸ்தூரி.

டாக்டர் சிரிக்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லையம்மா, இதயத்தில் கோளாறு இருக்கும்போல, நாளைக்கே வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். கஸ்தூரி ஆடிப்போய்விட்டாள். ஆனாலும் முடியாது என்றாள். முகூர்த்தப் புடவைக்குச் சாயம் ஏறிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்காரர் போளூர் போயிருக்கிறார், முகூர்த்தம் முடியட்டும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் கத்தியிருப்பேன். டாக்டர் கையமர்த்தினார். அவளைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொல்லி, அவள் பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நெஞ்சைக் கிழிப்பார்களா, பிள்ளை பிழைக்குமா, நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள், எல்லாம் கேட்டாள். ஒன்றுக்கும் அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றுக்கும் எரிந்து விழவுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பொழுது போய்க்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது. கஸ்தூரி கடைசியில் "சரிங்க, இட்டுகினு போறேன்" என்று சொன்னபோது நன்றாக இருட்டிவிட்டது.

இன்றைக்கு ஒரு நாள் சாப்பிட்டால் என்ன, சாமி கோபித்துக்கொள்ளாது என்று நான் சொன்னேன்.

"சாப்பாடு எங்க போவப் போவுது டீச்சரம்மா? காலையில இருக்கும். பாப்பாதான் இருக்கணும்" என்றார்.

யாமினி இருக்கிறாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது எட்டாம் வகுப்பு. கபடியில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஊருக்கே வாயாடி.

சேதி வந்த அன்று சாயங்காலம் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். நான் போகும் முன்பே யாமினி அம்மாவிடம் சேதியைச் சொல்லியிருந்தாள். வெளிச்சம் போய்விட்டிருந்தது, அடுப்பு மூட்டியிருக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என்னாலதான அவரு பட்டினி கெடந்தாரு? இன்னிக்கு ராத்திரி எங்க வூட்ல யாரும் சாப்புடலீங்க டீச்சர்."

அங்கேதான் நான் உடைந்து அழுதேன். வீட்டுக்கு வந்து நானும் சாப்பிடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை திரையில் ஒரு புது டாக்டர் வந்தார். சின்னப் பெண், நம் டாக்டரிடம் படித்தவராம். முதலில் நின்ற பையன் கையை நீட்டினான். பத்து விரலும் அரக்குச் சிவப்பு. அந்தப் பெண் திடுக்கிட்டு என்ன காயம் என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாயம்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இனி எப்போதும் எழாது. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

வாளியை முன்னால் இழுத்து வைத்து, சோப்பை அவன் கையில் கொடுத்தேன்.