கோர்வை போட்ட டயர்

காலை ஏழு மணிக்கு என்னைக் காஞ்சீபுரத்தில் இறக்கிவிட்டு, ரயில் தன் புகையோடு அரக்கோணம் பக்கம் போய்விட்டது. நான் போக வேண்டியது செய்யாறு. தெற்கே பதினெட்டு மைல், பாலாற்றுக்கு அக்கரை. அங்கே எனக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. சிநேகிதர் ஒருவர் வரச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதாகியும் என் கால்கள் ஓர் ஊரில் பத்து நாள் சேர்ந்தாற்போல் நிற்பதில்லை. வெயில் எந்தச் சாலையில் விழுகிறதோ அந்தச் சாலை என்னைக் கூப்பிடுவது போலிருக்கும்.

செய்யாற்று பஸ் ஆறரைக்கே போய்விட்டதாம். ஸ்டேஷன் வாசலில் இட்டிலி விற்றவள்தான் வழி சொன்னாள். "பிள்ளையார்பாளையத்து மொதலியார் லாரி இன்னிக்கு அக்கரைக்குப் போவுது சாமி. ராஜ வீதியில டயர் வாங்கிக்கினு இருக்காரு. போய்க் கேளு."

எட்டு மணி. ராஜ வீதியில் ஒரு மோட்டார் சாமான் கடை. அதன் எதிரே, முன்னால் மூன்று பேர் உட்காரும் இடமும் பின்னால் திறந்த பலகையுமாக ஒரு சின்ன லாரி. பின்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டுக் கல் அண்டை கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் ஐயம்பேட்டை அருகே ஒரு டயர் வெடித்துவிட்டது. மற்றொன்றில் ரப்பர் தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது.

உரிமையாளர் ஏகாம்பர முதலியார், நாலு தறிக்குச் சொந்தக்காரர். வெளுத்த மீசை, விரல் நுனிகளில் சாயக் கறை. என்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தவர், கேட்காமலே காரணத்தையும் சொன்னார். "செய்யாத்து மாமியார் ஊட்டுலேர்ந்து எம் பொண்ணு தனத்தைக் கூட்டினு வரணும் சாமி. மொதப் பிரசவம் அங்கியே ஆச்சு. கொழந்தை தங்கல. இத இங்க வெச்சுப் பாக்கணும். நாளைக்கு ஒம்பதாம் மாசம் பொறக்குது. பொறந்துட்டா ஆத்தத் தாண்டி அனுப்பமாட்டேன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க."

ஆக, அன்று மாலைக்குள் அவள் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். அவளைச் சுமந்து வரப் போகும் இரண்டு டயர்களை இவர் இப்போது பொறுக்குகிறார்.

கடைக்காரச் சாயபு இரண்டு ஜோடி எடுத்துப் போட்டார். ஒன்று புதியது, டயர் அறுபத்திரண்டு ரூபாய். மற்றது இருபத்தைந்து. பழைய டயரின் தேய்ந்த முகத்தின் மேல் புது ரப்பரை வைத்து, வேகவைத்து ஒட்டியது. முதலியார் விலையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் தடவினார். ஒட்டிய டயரில், புது ரப்பர் பழையதைச் சந்திக்கும் விளிம்பில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது.

"கோர்வை போட்டிருக்குது! இதான் வேணும்."

இந்த ஊர்ப் பட்டுச் சேலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சேலையின் உடலை, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா ஒன்றாலும் கரையை வேறு நாடாவாலும் நெய்து, இழைக்கு இழை கோத்து இணைக்கிறார்கள். அந்த இணைப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். சேலையைப் புரட்டித் தடவினால் அந்த இடம் விரலில் உறுத்தும். உறுத்தினால் நல்ல சேலை.

சாயபு சிரித்தார். "மொதலியாரே, டயருக்கு முந்தானையும் வேணுமா?"

"சிரிக்காத சாயபு. ஒடம்பு கிழிஞ்சாலும் கோர்வை போட்ட கரை பிரியாது. அந்தப் புதுசப் பாரு, ஒரே வழவழப்பு. சந்தைச் சேலை கணக்கா இருக்குது. எம் பொண்ணை அதும்மேலயா ஏத்துவேன்?"

அதுவரை சக்கரத்து மரையாணிகளைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அந்தோணி தலையைத் தூக்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஏனாத்தூர்க்காரர்.

"அத மாட்டினா நான் ஓட்டமாட்டேன் மொதலாளி."

"உன்ன ஓட்டறதுக்குத்தான் வெச்சிருக்குது. டயர் பாக்கறதுக்கு இல்ல."

"இந்த மாதிரி ஒண்ணு வாலாஜாபாத் ரோட்டுல தோலு உரிஞ்சாப்ல உரிஞ்சிக்கினு வந்துது. வண்டி கவுந்துது. நெல்லு மூட்டைதான் ஏத்தியிருந்தேன், ஒண்ணும் ஆவல. தனம்மா மூட்டை இல்லிங்களே."

முதலியாரின் கை டயரிலிருந்து நகரவில்லை. "உனக்கு நெசவு தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்க சேலைய எப்பிடிப் பாப்பீங்க?"

"புரட்டிப் பாப்பேன்."

"இதையும் பாருங்களேன்."

டயரைப் புரட்ட முடியாது. முதலியார் முழங்கை வரை உள்ளே விட்டார். வெளியே இடக்கை விளிம்பைப் பிடித்திருக்க, உள்ளே வலக்கை அதே இடத்தைத் தேடிச் சுற்றிவந்தது. கண்ணை மூடிக்கொண்டார். வீதியில் கோயில் பூக்கூடை ஒன்று போயிற்று. ஒரு குதிரை வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கை மட்டும் நடந்துகொண்டேயிருந்தது.

"கோர்வை இந்தப் பக்கம் வரலியே," என்றார் மெதுவாக. பிறகு சாயபுவைப் பார்த்து, "வெறும ஒட்டித்தானே இருக்குது!"

"நெய்ஞ்சதுன்னு நான் எப்போ சொன்னேன்? வேகவெச்சு ஒட்டினதுன்னுதானே சொன்னேன்!"

முதலியார் புதிய டயருக்குள்ளும் கைவிட்டார். சீக்கிரமே எடுத்துவிட்டார். அதில் அவர் விரல் படிக்கும் எழுத்து ஒன்றுமில்லை.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியல. இது தாங்கும்னு நீ சொல்றியா, அந்தோணி?"

"சொல்றேங்க."

"அப்போ மாட்டு."

பத்தரைக்குப் புறப்பட்டோம். ஓரிக்கையைத் தாண்டியதும் பாலாறு. சித்திரை மாதத்துப் பாலாற்றை ஆறு என்பது மரியாதைக்காக. கண் கூசும் வெள்ளை மணல். நடுவில், மறந்துபோன வார்த்தையைப் போல, முழங்காலளவு தண்ணீர் ஒரு கீற்று. மணலில் பிடிப்பு கிடைக்க, அந்தோணி டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். நானும் முதலியாரும் இறங்கிப் பின்னால் நடந்தோம். லாரி புதைந்தது, முனகியது, ஏறியது. அக்கரையில் காற்றடிக்கும் பம்பை முதலியாரே வாங்கி அடித்தார், வேட்டி மடியெல்லாம் மணல்.

பகல் ஒரு மணிக்குச் செய்யாறு. சிநேகிதர் வீடும் தனத்தின் மாமியார் வீட்டுத் தெருவிலேயே இருந்ததால் திரும்பிப் போகிற வண்டியையும் பார்க்க முடிந்தது. ராகு காலம் கழிந்து மூன்றேகாலுக்குத் தனம் வெளியே வந்தாள். இருபது வயதிருக்கும், ஒரு கை இடுப்பில். லாரியைப் பார்த்ததும், "இதுலயாப்பா? மாட்டு வண்டி வரலியா?" என்றாள்.

"மாட்டு வண்டி போய்ச் சேர ராத்திரி ஆயிடும்மா. பின்னால வைக்கோல் பரப்பியிருக்குது, எங்கூட ஒக்காந்துக்க."

"பின்னால வாணாம் மொதலாளி," என்றார் அந்தோணி. "சக்கரத்துமேல குலுக்கும். முன்னால ஒக்காரட்டும்."

முதலியார் வைக்கோலை அள்ளி முன் பலகையில் பரப்பினார்.

நான் குடியிருக்கும் சென்னையில் டயர் வாங்குகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் ஒருவன், ஏறிப் போகிறவன் வேறொருவன். மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதேயில்லை. நானும் எத்தனையோ வண்டிகளில் ஏறியிருக்கிறேன். ஒரு நாளும் குனிந்து சக்கரத்தைப் பார்த்ததில்லை.

மகளை முன்னால் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, முதலியார் பின்னால் ஏறினார். ஓரமாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு, டயர் தெரிகிற பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்புகிற வரையில் அவர் தலை நிமிரவில்லை.