கண் டாக்டர் பெயருக்கு முன்னால் இரண்டு இடம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்குப் பச்சை மேடம் என்று பெயர். வைத்தவன் நான்தான், ஸ்டோர்கீப்பருக்கு வேறென்ன வேலை? பீரோ உயரத்துக்கு நிற்கும் பழைய சர்வரில் இருப்பதெல்லாம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாகத்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவர் அவர்.

அதில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒரு கண் டாக்டர் மாதிரிச் சில வாடிக்கையாளர்கள் குறுகலான சந்தில் இருப்பார்கள், பெரிய லாரி நுழையாது. அதைக் குறித்துவைக்க சர்வரில் உள்ள வாடிக்கையாளர் ஃபைலில் இடமில்லை. "பேருக்கு முன்னாடி ரெண்டு இடம் விட்டு அடிங்க அண்ணே. தள்ளி நின்னா சின்ன வண்டி" என்றார் மேடம். வேறு யாரிடமும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். சர்வர் இருக்கட்டும், அதிலுள்ள தகவலை வைத்து ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் புது அப்ளிகேஷன் செய்வோம், நல்ல டூல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று மேடத்திடம் சொன்னார். மூன்று வந்தன. ஒன்று பச்சைத் திரைக்கே கலர் அடித்துக் காட்டியது. பழைய சட்டைக்குப் புது பட்டன். இரண்டாவதில் தகவலை எப்படிப் படிப்பது என்று நாமே உட்கார்ந்து ஜாவாவில் எழுத வேண்டும். மூன்றாவது எல்லாவற்றையும் தானே செய்துவிடும். பராமரிப்பும் விற்பவர்கள் பொறுப்பு. அது வந்தால் மேடத்துக்குக் கோப்பு அறையில் காகிதம் அடுக்கும் வேலைதான்.

அவருக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. "சொன்னா, நாற்காலியைக் காப்பாத்திக்கப் பேசறேம்பாங்க அண்ணே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மூன்றாவது டூலில் டெலிவரி பட்டியல் எடுத்துச் சோதித்தார்கள். பெயர்களெல்லாம் ஒரே கோட்டில் நின்றன. வேண்டாத வெற்றிடத்தை டூலே துடைத்துவிடுமாம்! அன்று பார்த்து நான் பல்வலியில் லீவு. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கண் டாக்டருக்குப் பெரிய லாரியை அனுப்பிவிட்டார்கள். அது சந்தில் முன்னும் போகாமல் பின்னும் வராமல் மாட்டிக்கொண்டது. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட நோயாளிதான் "வரட்டும், வரட்டும்" என்று ரிவர்ஸ் சொன்னாராம். நல்லவேளை, ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

வண்டி அனுப்புவது ஸ்டோர்கீப்பர் பொறுப்பு என்று மறுநாள் மேனேஜர் என்னிடம் குதித்தார். மேடம் நினைத்திருந்தால் டூல்மீது பழியைப் போட்டுவிட்டுக் கம்மென்று இருந்திருக்கலாம்.

"சார், தப்பு என்னுது" என்று எழுந்து நின்று, இரண்டு இட விஷயத்தைச் சொன்னார்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "இன்னும் இப்படி எத்தனை இருக்கு மேடம்?"

"உட்காருங்க சார்."

முப்பத்தொன்று சொன்னார். நான்காவதிலேயே மேனேஜர் பேனாவை எடுத்துவிட்டார்.

"சரி, எந்த டூல்? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க."

"ரெண்டாவது சார். என் நாற்காலிக்காகன்னு நினைப்பீங்களோன்னுதான்..."

"அந்த நாற்காலியை நானே பிடிச்சுக்கறேன். நீங்க எழுந்திரிக்காம இருந்தா போதும்."

ஐம்பத்து நான்கு வயதில் மேடம் ஜாவா புத்தகத்தைப் பிரித்தார். மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுப் புதுத் திரையைக் காட்டினார். கண் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வண்டிப் படம். கீழே, 'சந்து குறுகல்'. எனக்குப் பெருமையாக இருந்தது.

"முப்பத்தொண்ணையும் எழுதிட்டேன் அண்ணே. இனி நான் இல்லாட்டியும் ஓடும்."

எனக்குத் திக்கென்றது. "எங்கே போறீங்க?"

"லீவுக்கு. இருபத்திரண்டு வருஷத்துல சேர்ந்தாப்பல ரெண்டு நாள் போட்டதில்ல. பத்து நாள் எழுதிக் கொடுத்திருக்கேன். போன் பண்ணீங்க, பார்த்துக்கங்க!"