ஜெப எண்ணெய் வழிந்த கம்ப்யூட்டர்

கர்த்தர் செய்த நன்மையை வாய் திறந்து சொல்லாமல் இருப்பது நன்றி கெட்டதனம் என்பதால் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். என் பெயர் எஸ்தர். போடியில்தான் வீடு. நான் பொறுமையாக உட்கார்ந்து ஜெபிக்கிற ரகம் இல்லை. கண்ணை மூடினால் அடுப்பில் வைத்த பால்தான் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவளுக்கும் அவர் பதில் கொடுத்தார்.

போன வருஷம் ஜூன் மாதம் மதுரைக்குப் போய் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு எழுதினேன். எழுதி முடித்த கையோடு திரையிலேயே முடிவைப் போட்டுவிட்டார்கள். தேறவில்லை. தேனி பஸ்ஸில் ஏறி உசிலம்பட்டி வரும்வரை அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்கள். துக்கம்தான். ஆனால் அதை எப்படி அவர்களிடம் விளக்குவது?

என் கணவர் டேனியல் ஏலக்காய் வியாபாரி. போடிமெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்து முதுகில் பலத்த அடி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பலகைக் கட்டிலில் படுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அந்தப் பழைய படிப்பை வைத்துத் தேனியில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை வாங்கினேன். மேனேஜர் ஒளிவுமறைவு இல்லாதவர்.

"சான்றிதழ் எடுத்துட்டீங்கன்னா இங்கனயே நிரந்தரம்மா. இல்லாட்டி செப்டம்பர்ல உங்களக் கோயம்புத்தூர் ஆபீசுக்குத்தான் அனுப்ப முடியும்" என்றார்.

கோயம்புத்தூர் என்றால் ஹாஸ்டல். படுத்திருக்கிற கணவரையும், ஆறாவது படிக்கிற என் மகள் ஜெனியையும் என் மாமியார் தலையில் கட்டிவிட்டு நான் போகணும். வேலையை விட்டுவிடலாம் என்றால் வீட்டுக்கு வேறு வழி இல்லை. இதுதான் என் நிலைமை.

ஏன் தேறவில்லை என்பது எனக்கே தெரியும். எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்தே படித்திருந்தேன். தேர்வில் ஒரு நெட்வொர்க்கைக் காட்டி, இதைச் சரிசெய் என்றதும் கை ஓடவில்லை. நீச்சலைப் போனில் பார்த்துவிட்டுக் கிணற்றில் குதித்த மாதிரி ஆகிவிட்டது. கையால் செய்து பழக மதுரையில் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வேலை, வீடு, இவர் முதுகு, இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் எங்கே மதுரைக்குப் போக? அதனால் வீட்டிலேயே ஒரு லேப் அமைப்பது என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் ஊரில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஒரு வியாபாரியின் ஆபீசில் பழசைக் கழித்துவிட்டு எல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். கழித்தவை பழைய இரும்புக் கடையில் கிடந்தன. மூன்றை எடைக்கு வாங்கி வந்தேன். இரண்டின் மெமரியைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன். மெமரி போதுமான அளவு இருந்தால் ஒரே கம்ப்யூட்டருக்குள் நாலு கம்ப்யூட்டர் தனித்தனியாக ஓடுவதுபோல் வைத்துப் பழகலாம். அதற்கான மென்பொருள் இலவசம். மூடிப்போன பிரவுசிங் சென்டர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர்களை இணைக்கிற பழைய ஸ்விட்சும் கேபிளும் கொடுத்தார். மானிட்டருக்குப் பழைய டி.வி. முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய முன்னறையில் என் லேப் தயாரானது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

மறுநாளே அது காலை வாரிவிட்டது. நாலையும் ஓடவிட்டு வேலை சூடு பிடிக்கும், பட்டென்று அணைந்துவிடும். செய்தது எல்லாம் போச்சு. பிளக்கை மாற்றினேன். பவர் சப்ளையைக் கழற்றி இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட்டேன். மெமரியை இடம் மாற்றிப் பார்த்தேன். சைக்கிள் பம்ப்பால் தூசியை ஊதினேன். உள்ளே விசிறி நன்றாகத்தான் சுற்றியது. ஆனாலும் அணைந்தது. ஆகஸ்ட் கடைசியில் மறுதேர்வுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். ஜெனி பாடத்தில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தேன்.

"ஆண்டவரே, ஒரு நல்ல கம்ப்யூட்டர் தாரும். யார் மனசையாவது ஏவிவிடும்" என்று ஜெபித்தேன். ஜெபித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையும் ஏவிவிடவில்லை. சீட்டுக் கம்பெனிக்காரன்தான் கூப்பிட்டான்.

இங்கே எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்லணும். அத்தை என்றால் இவருடைய அம்மா. வீட்டுக்கு மிக்சி வந்தாலும் ஸ்கூட்டர் வந்தாலும் சபையில் ஜெபித்துக் கொடுக்கும் ஜெப எண்ணெயைத் தொட்டுச் சிலுவை போடாமல் விடமாட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும், இரும்புக் கடைச் சாமானுக்கு என்னத்துக்கு என்று விட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள், நான் சமையலறையில் இருந்த நேரம் பார்த்துப் பாட்டிலோடு முன்னறைக்குப் போயிருக்கிறார்கள். நான் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டரின் மேல்மூடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தேங்காய் எண்ணெய் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அது அப்போதுதான் தானாக அணைந்து கிடந்தது.

"அத்தே! என்ன காரியம் பண்றீக?"

"ஏத்தா இப்படிக் கத்துற? மிக்சிக்கு ஒரு சொட்டுப் போதும். இது குடும்பத்தையே தூக்கி நிறுத்த வேண்டிய சாமான். அதேன் கொஞ்சம் கூட ஊத்துனேன்."

உள்ளறைக் கட்டிலிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "யம்மா, மிச்சம் இருந்தா எம் முதுகுலயும் ஊத்துங்க. அதுவும் இரும்புக் கடைச் சாமான்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அத்தை பாட்டிலை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள்.

மூடியைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் மூளை மாதிரி இருக்கும் பிராசசர் மேல் ஒரு அலுமினியக் கட்டியும் அதன் மேல் விசிறியும் இருக்கும். அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. எண்ணெய் அந்த இடுக்குக்குள் இறங்கியிருந்தது. அந்த இடத்தை மட்டும் நான் அதுவரை தொட்டதே இல்லை. கழற்றும்போது பிராசசர் உடைந்தால் எல்லாம் முடிந்தது என்று அவ்வளவு பயம். இப்போது கழற்றாமல் துடைக்க முடியாது. இயேசப்பா, இயேசப்பா என்று சொல்லிக்கொண்டே நெம்பினேன்.

விசிறிக்கு அடியில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஏலக்காய்த் தோலும் தூசியும் கம்பளி மாதிரி திரண்டு அடைத்திருந்தது. வியாபாரியின் ஆபீசில் மூட்டைக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக ஓடின மெஷின் அல்லவா? சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. விசிறி சுற்றியதே தவிர, காற்று போக வழியே இல்லை. சூடு தாங்காமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. ஏலக்காய் வியாபாரி பெண்டாட்டிக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, தேனியில் புதுப் பசை வாங்கி வந்து தடவி மாட்டினேன். நாலையும் ஓடவிட்டேன். ஏலக்காயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஒரு பலகார வாசம் வந்தது. அணையும், இப்போது அணையும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அணையவே இல்லை.

அத்தையிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்ப மத்த ரெண்டுக்கும் ஊத்தவா?" என்றார்கள். அன்றையிலிருந்து பாட்டில் என் பீரோவில் இருக்கிறது.

அதன் பிறகு அந்த லேப்பில் கெடுக்காத நெட்வொர்க் இல்லை. நானே கெடுப்பேன், நானே தேடிச் சரிசெய்வேன். மறுதேர்வில், பேசிக்கொள்ளாத இரண்டு நெட்வொர்க்கைப் பேசவைக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. வீட்டில் எத்தனையோ தடவை கெடுத்த அதே கோளாறு. கை தானாகப் போனது. தேறிவிட்டேன். வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டு இவரிடம் சொன்னேன். அத்தை போனை வாங்கினார்கள்.

"என்னத்தா ஆச்சு? இவன் என்னத்துக்கு அழுகுறான்?"

"பாஸ் அத்தே."

"ஸ்தோத்திரம். சரி, சாப்பிட்டியா?"

வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது சனிக்கிழமைகளில் நம் சபைச் சகோதரிகள் இரண்டு பேர் என் லேப்புக்கு வந்து பழகுகிறார்கள். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் கேலி செய்கிறார், தூசியைத் துடைத்தால் எந்த மெஷினும் ஓடும், இதில் சாமி எங்கே வந்தார் என்று. உண்மைதான். எண்ணெய் கம்ப்யூட்டரைச் சரிபண்ணவில்லை. தயவுசெய்து யாரும் வீட்டில் ஊற்றிப் பார்த்துவிடாதீர்கள்! ஆனால் நான் தொடவே பயந்த இடத்தைத் தொட வைத்தது யார்? புது மெஷின் கேட்டேன், அதைத் தரவில்லை. என் கையில் இருந்ததையே திறக்க வைத்தார். இதை நான் யாருக்காகவும் மறுக்கமாட்டேன்.

இங்கே யாராவது கேட்டுக் கேட்டு ஓய்ந்து, எரிச்சலோடு உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். அந்த எரிச்சலோடேயே கேளுங்கள். பொறுமை இல்லாத என் ஜெபத்தையும் கேட்டவர் அவர். செப்டம்பரில் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டியிருக்க வேண்டியவள் நான். இன்று காலையில் என் மகளுக்குச் சடை பின்னிவிட்டுத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன்.