ஒரு வாரம் தனியாக

லீட்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் பில், என்னை எப்போது பார்த்தாலும் “ஆல் ரைட்?” என்பார். வந்த புதிதில் அதை ஒரு கேள்வி என்று நம்பித் தொலைத்தேன். இடுப்பு வலி, தூக்கமின்மை, இந்த ஊர்க் கத்தரிக்காயின் லட்சணம் என்று விலாவாரியாகப் பதில் சொன்னேன். பாவம் மனிதர், குப்பைத் தொட்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அது கேள்வியல்ல, தொண்டையைச் செருமுவது மாதிரி ஒன்று என்று பிறகுதான் புரிந்தது. ஆந்திர எல்லையில் எங்கள் ஊர் நகரிப் பக்கம் “துன்னியா?” என்று கேட்டால் பதில் வராமல் ஆள் நகராது. இன்னா துன்னே, யாரு கூட துன்னே என்று குறுக்கு விசாரணை வேறு நடக்கும்.

இப்படிப்பட்ட தேசம்தான், கேள்வி கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம் தருகிறது. நான் பக்கவாத மருத்துவர். இளம் மருத்துவர்கள் ஆராய்ச்சிக் கேள்வியை உருவாக்கப் பயிற்சி அளிப்பதும் என் வேலை. யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, கடைசியில் எதை அளப்பது: இந்த நான்கும் இருந்தால் கேள்வி, இல்லையென்றால் வெறும் சந்தேகம். இந்தத் தை மாதம் அந்த ஞானத்தைத் திருப்பதியில் விநியோகிக்க என்னை அனுப்பினார்கள். நான் படித்ததும் திருப்பதிதான். அப்போது வார்டில் “ஏன் சார்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, “அதி தெலிவி”, அதாவது அதிகப்பிரசங்கி, என்று தெலுங்கில் பட்டம் வாங்கினேன். அதே ஊரில் இப்போது கழுத்தில் அட்டையும் மேசையில் தண்ணீர் பாட்டிலுமாக வெளிநாட்டு நிபுணர். ஏன் என்று கேளுங்கள், கேளுங்கள் என்று கெஞ்சினேன். பிள்ளைகள் புளியோதரை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டவள் ஒருத்தி, சித்தூரிலிருந்து வந்த ஜெபா. வீட்டு மனிதர்களுக்கே உடற்பயிற்சியைக் கற்றுக்கொடுத்தால் பக்கவாத நோயாளி தேறுவாரா என்பது அவள் கேள்வி. வந்த கேள்விகளில் ஒன்றுக்குத்தான் ஓராண்டு ஆராய்ச்சிப் பயிற்சி. கிடைக்காவிட்டால் அவள் மறுபடி கேஷுவாலிட்டியில் தையல் போடப் போக வேண்டியதுதான். “தேறினார்னு எப்படி அளப்பே?” என்று கேட்டு, நாங்கள் லீட்ஸில் கேட்கும் கேள்வியை நானே எடுத்துக்கொடுத்தேன்: நோயாளி ஒரு வாரம் வீட்டில் தனியாக இருப்பாரா? எந்தக் குறையும் இல்லாதவருக்குப் பூஜ்யம். எங்கள் அளவுகோலில் பூஜ்யம்தான் முதல் ரேங்க்.

“மேடம், இத்த எங்க ஊர்ல கேட்டா ஒதைப்பாங்க.”

“ஒதைக்க மாட்டாங்க, வா.” அன்று மாலையே அவளை நகரிக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனேன். என் நைனாவுக்குப் போன வருஷம் வாதம் வந்து இடது கை மடங்கிவிட்டது. எனக்கு விஷயம் போனில் வந்தது.

ஜெபா அம்மாவிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். “அம்மா, நைனாவ ஒரு வாரம் தனியா வுட்டுட்டுப் போனா, அவரே சமாளிச்சுக்குவாரா?”

“ஏம்மா தனியா வுடணும்? நாங்கள்லாம் செத்தா பூட்டோம்?”

“அய்யோ, சும்மா ஒரு பேச்சுக்கும்மா, மார்க்கு போடறதுக்கு.”

“இன்னா பேச்சு இது? கல்யாணத்துக்குக் கூப்ட்டா வர மாட்றாரு, கை கோணிக்கினு கீதுன்னு வெக்கப்பட்டுக்கினு. அது எப்போ செரியாவும்னு கேளு, நாயம். தனியா கீறது தோ, இவதான். இவளுக்குப் போடு மார்க்கு.”

ஜெபா தயங்கினாள். “மேடத்துக்கு… ஜீரோம்மா.”

“ஜீரோவா?” என்றார் நைனா, குழறும் நாக்கால். “அவ்ளோ தூரம் போயி ஜீரோவா வாங்கினே?” பாதி முகத்தால் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஜெபா கேள்வியின் கடைசி வரியை மாற்றியிருந்தாள். ஆறு மாதத்தில் நோயாளி மறுபடி கல்யாணம் காட்சிக்குப் போகிறாரா என்று அளப்பாளாம். லீட்ஸிலிருந்து வீடியோவில் என் மேலதிகாரி கிரஹாம் அதைக் கேட்டார். தேர்வு எங்கள் இருவர் கையில்.  “வெரி இன்ட்ரஸ்டிங்” என்றார் கிரஹாம். அந்த ஊர் அகராதியில் அதற்குத் ‘தூக்கிக் குப்பையில் போடு’ என்று அர்த்தம். அர்த்தம் தெரியாத ஜெபாவின் முகம் மலர்ந்துவிட்டது. நானும் அன்றைக்கு மட்டும் அந்த அகராதியை மறந்தேன். “தேங்க்யூ கிரஹாம், அப்போ இதையே முடிவு பண்ணிடலாம்” என்று சொல்லிப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். கிரஹாம் வாயைத் திறந்தார். நாகரிகமான மனிதர், மூடிக்கொண்டார். ஜெபாவுக்கு ஓராண்டு கிடைத்தது.

லீட்ஸ் திரும்பிய அன்று, பெட்டியோடு வாசலில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். காதில் போன், போனில் அம்மா. “போய் சேந்துட்டியா? துன்னியா? யாரு கூட துன்னே?” வேலிக்கு அப்பாலிருந்து பில் தலையை நீட்டி, “ஆல் ரைட்?” என்றார்.

இரண்டு பேருக்கும் சேர்த்து “யெஸ்” என்றேன்.

பில் உள்ளே போய்விட்டார். அம்மா விடவில்லை. “யெஸ்ஸா? யார்டீ அது?”