நான்கு வெள்ளைப் புள்ளிகள்

இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீள்கொம்பு வண்டு ஒன்று இருக்கிறது. உடம்பைவிட உணர்கொம்பு நீளம். மண்ணிற முதுகில் வெள்ளைப் புள்ளிகள் நான்கு. புள்ளி இல்லாவிட்டால் அது அதன் ஒன்றுவிட்ட சகோதரம். அந்தச் சகோதரத்தை விறகுக் கட்டுக்குள்கூடக் காணலாம். கந்தோர் வேலை இல்லாத நாட்களில் பூச்சிப் படம் பிடித்துத் திரியும் எனக்கு ஆசை ஒன்றுதான். அந்தப் புள்ளிக்காரனைக் கொழும்பில் முதலில் கண்டவன் நான் என்று, பூச்சிப் படங்கள் சேர்க்கும் இணையத்தளத்தில் பதிவாக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சாமியறைக் கதவில் ஒரு நீள்கொம்பு வந்து குந்தியிருந்தது. புள்ளி இருக்கிறதா என்று மங்கலில் தெரியவில்லை.

இப்படியான நேரத்துக்கென்றே ஏழு கண்ணாடிப் போத்தல்கள் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியாது. வீடு முழுக்க ஓடினேன், நுனிக்காலில். வண்டுக்குக் கேட்டுவிடுமாம். கடைசியில் கைக்கு எட்டியது திருநீறு போட்டு வைக்கும் தகரப் பேணி. உள்ளே இருந்ததைப் பேப்பரில் கொட்டி, பேணியை இரண்டு தட்டுத் தட்டி, வண்டை அதற்குள் தள்ளி, காற்றுக்கு நீக்கல் விட்டு மூடினேன். அது கீச்சென்று கத்தியது. நானும் கத்தினேன். என்னுடைய சத்தம்தான் கூட.

"என்னப்பா, கரப்பானே?" குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆராய்ச்சி."

"அப்ப நான் வரேல்ல."

விடியத் திறந்து பார்த்தேன். முதுகில் வெள்ளைப் புள்ளிகள். எண்ணினேன், நான்கு. கண்ணாடி போட்டு எண்ணினேன், அப்போதும் நான்கு. அவசரத்தில் முதல் பதினொரு படங்களிலும் மேசைச்சீலைதான் விழுந்திருந்தது. பன்னிரண்டாவதில் வண்டு. தேத்தண்ணி குடிக்க முதலே அந்த அரிய பெயரைப் போட்டு இணையத்தளத்தில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வத்தளையில் இருக்கும் என் கத்தோலிக்க நண்பனை அழைக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. கொச்சிக்கடைப் பக்கத்துக் களஞ்சியங்களில், கப்பலில் வந்த மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவன் தொழில்.

பத்து மணிக்கு உருப்பெருக்கியோடு வந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான், இதுக்குக் காலிலயும் புள்ளி இருக்கு. கண்ணிலயும் இருக்கு."

"வயசான வண்டா இருக்கும்."

"எதுக்குள்ளயடா வச்சனீ?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து சின்னத் தூரிகை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் தோய்த்தான்.

"உண்மையான புள்ளி எண்டா அது மயிர். முதுகில முளைச்சது, துடைச்சாப் போகாது."

முதல் புள்ளி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதற்கு நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"மெல்ல, மெல்ல. இது உண்மையா இருக்கும்."

"கையை எடு. இது வண்டு, உன்ர பிள்ளை இல்லை."

மூன்றாவது போனது. நான்காவது புள்ளி, தூரிகை படமுதலே உதிர்ந்து போனது.

"இன்னொருக்காப் பார்."

"பாத்தாச்சு. நாங்கள் ஞானஸ்நானம் குடுக்கிறது தண்ணியில. நீ சாம்பல்ல குடுத்திருக்கிறாய்."

"மரம்தானே தின்னுது? அப்ப அது முந்தியே சைவம்தான்," என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி.

இரண்டு பேரும் சிரித்து முடியும்வரை காத்திருந்து, பதிவைத் திங்கட்கிழமை மாற்றலாம், அதுவரை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாளாவது அந்தப் பெயர் என் பெயரோடு கிடக்கட்டும் என்பது உள்ளெண்ணம்.

நண்பனின் முகம் மாறியது. "விசர்க்கதை கதையாத. ஆரோ ஒருத்தன் அதை நம்பி, இந்த வண்டு கொழும்பிலயும் இருக்கு, அழியிற பயமில்லை எண்டு எழுதுவான். மிச்சம் இருக்கிறதைப் பற்றிப் பிறகு ஆரும் யோசிக்க மாட்டினம். இப்பவே மாத்து."

வண்டைக் கீழே மாமரத்தில் விட அவன் போனான். நான் ஃபோனோடு இருந்தேன். அரிய பெயரை அழிக்க ஒரு தொடுகை போதும். அதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. பிறகு அந்தச் சாதாரண சகோதரத்தின் பெயரைப் போட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதினேன்: "புள்ளிகள் வண்டினுடையவை அல்ல. திருநீறு."

அரை மணித்தியாலத்துக்குள் முன்பின் தெரியாத ஒருவர் அடையாளம் சரியென்று பச்சைக் குறி போட்டிருந்தார். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பெயர் ஒன்றை யாரும் இவ்வளவு விரைவாக ஏற்றுக்கொண்டதில்லை.