தண்ணீரில் ஓட மறுத்த ஸ்கூட்டர்

ஒரு சோப்புக் குமிழி வெடித்தால் அத்தனை பெரிய சத்தம் வரும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காஸ்டிக் சோடாவின் காரம் மூக்கில் ஏற, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாடிப்படியில் நான் காத்திருப்பேன்; நீளக் கம்பின் நுனியில் கட்டிய மெழுகுவத்தியை மூர்த்தி மாமா நுரை ததும்பும் கிண்ணத்தருகே கொண்டுபோனதும் 'டப்' என்று ஒரு வெடி. எதிர்மாடியில் துணி உலர்த்தும் அம்மாள் "அரே தேவா" என்று முனகுவாள், புறாக்கள் எழும்பி மறுபடி அடங்கும். தொண்ணூறுகளின் நடுவில், புனேயின் சாங்வியில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிந்தன.

அம்மாவுக்கு வங்கி வேலை. நாக்பூருக்கு மாற்றலாகிப் போனவள் பண்டிகைக்கும் விடுமுறைக்கும்தான் வருவாள். அப்பா தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் ரசாயனப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசாதவர். 'சாப்ட்டியா', 'கதவைச் சாத்திக்கோ' என்பவை தவிர வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருந்ததாக நினைவில்லை. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தி. மற்றப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடும் வேகத்துக்கு என் மராத்தி எட்டாததால் நான் பெரும்பாலும் ஜன்னலோரம்தான்.

கீழ்வீட்டு மூர்த்தி மாமா கோயம்புத்தூர்க்காரர். போசரியில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். மனைவியும் மக்களும் ஊரிலிருக்க, இவர் மட்டும் இங்கே. அவருடைய பழைய ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடியைப் பொருத்தி, அதற்குள் எஃகுத் தகடுகளை அடுக்கி, காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரை ஊற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து முடுக்கியிருந்தார். மின்சாரம் பாய்ந்ததும் தண்ணீர் பிரிந்து வாயு கிளம்பும். அது குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும்; அதே வாயுவைச் சோப்புத் தண்ணீரில் குமிழியாக்கித்தான் ஞாயிறுதோறும் வெடித்துக் காட்டுவார். கொஞ்ச நாளில் பெட்ரோலே வேண்டாம், வண்டி தண்ணீரிலேயே ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை. தெருப்பிள்ளைகளுக்கு அவர் 'பானிவாலா அங்கிள்', தண்ணீர்க்கார மாமா.

வாரமெல்லாம் மூடியிருந்த அப்பாவின் வாய் அந்த ஜாடியைக் கண்டதும் திறந்துகொள்ளும்.

"மூர்த்தி, தண்ணிங்கது ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல்லா. சாம்பலை மறுபடி எரிக்கணும்னா முதல்ல அதை விறகாக்கணும். அதுக்கு எங்கேயிருந்து சக்தி வருது?"

"பேட்டரி இருக்குதுங்களே சார்."

"பேட்டரியை நிரப்புதது எஞ்சின். எஞ்சினை ஓட்டுதது பெட்ரோல். உருளுத கல்லை எல்லாரும் பாக்காங்க. அதை மேல ஏத்துனது யாருன்னு கேக்கணும்லா."

மூர்த்தி மாமா தளரமாட்டார். தகட்டில் தாம் பூசியிருக்கும் ஒரு பூச்சு தண்ணீரை மிகக் குறைந்த மின்சாரத்தில் பிரித்துவிடுகிறது என்பார். "புஸ்தகத்துல இல்லாதது எதுவுமே நடக்காதுங்களா சார்?" என்று கேட்பார். "நடக்கும். ஆனா போட்டதுக்கு மேல எடுக்க முடியாது. அது மட்டும் ஒக்காது" என்பார் அப்பா. தட்டில் அவல் போஹா ஆறிப்போகும், வெயில் படியேறி வரும், அவர்கள் விடமாட்டார்கள். எனக்கு ரசாயனம் புரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டைச் சுற்றித் தமிழ் வாய்விட்டு ஒலித்த பொழுது அது ஒன்றுதான். 'ஒக்காது' என்ற சொல்லை இன்றும் நான் அந்தக் குரலில்தான் சொல்கிறேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, மூர்த்தி மாமா இஸ்திரி போட்ட சட்டையுடன் நின்றிருந்தார். போசரியில் சொந்தப் பட்டறை வைத்திருந்த ஒரு மராத்திக்காரர் வண்டியைப் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் மாமாவுக்குத் தனியாக ஒரு ஷெட் ஒதுக்கித் தருவதாகப் பேச்சு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்ததும் எஞ்சின் சீராக ஓடியது, ஜாடியில் குமிழிகள் கொதித்தன. வந்தவர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஆப் தோ கெமிஸ்ட்ரிவாலே ஹைன் நா?" நீங்கள் ரசாயனம் தெரிந்தவராயிற்றே, சொல்லுங்கள் என்ற பொருளில்.

அப்பா மூர்த்தி மாமாவைப் பார்த்தார். மாமாவே குனிந்தார்.

"பெட்ரோலை மூடிப் பாத்துர்லாமுங்க சார்" என்று சொல்லிக் குழாயைத் திருகி அடைத்தார்.

எஞ்சின் நிற்கவில்லை. அதே சீரில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் "வாஹ்" என்று தலையாட்டினார். மூர்த்தி மாமாவின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு வெளிச்சம். நான் அப்பாவைப் பார்த்தேன். எத்தனையோ ஞாயிறுகளாக 'ஒக்காது' என்று சொன்ன மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, அந்த வண்டி ஓடிவிட வேண்டுமென்பதுபோல் நின்றிருந்தார். பிறகு எஞ்சின் ஒருமுறை இருமி, இன்னொருமுறை இருமி, நின்றது. ஜாடியில் குமிழிகள் கொஞ்சநேரம் மேலெழுந்துகொண்டிருந்தன.

"கார்புரேட்டர்ல மிச்சம் கிடந்த பெட்ரோல்" என்றார் அப்பா, யாரிடமும் சொல்லாததுபோல.

"தெரியுமுங்க சார்" என்றார் மூர்த்தி மாமா.

அவருக்குக் கோபமில்லை. கோபித்திருந்தாலாவது மறுபடி சண்டைக்கு வந்திருப்பார். அடுத்த ஞாயிறு ஜாடி ஸ்கூட்டரில் இல்லை. அப்பா கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, "அந்தப் பூச்சை மாத்திப் பாத்தா என்ன?" என்று கேட்டது மேலே எனக்குக் கேட்டது. அது நடக்காது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டார். "விடுங்க சார், மழை ஜாஸ்தியா இருக்குதுங்க" என்றது கீழிருந்து மாமாவின் குரல். மழை ஓய்வதற்குள் மாமா வேலையை விட்டுவிட்டு ஊருக்கே கிளம்பிப்போனார். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில், "நாம ஏதாவது ஒண்ணைச் சொல்லி அவரைத் தடுத்திருக்கலாம்" என்றார் அப்பா. அம்மா என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. அதற்குப்பின் வந்த ஞாயிறுகளில் பிரஷர் குக்கரின் விசில்தான் எங்கள் வீட்டில் கேட்ட பெரிய சத்தம்.

இப்போது அந்தக் கட்டடத்தை இடித்து உயரமான குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள். வண்டிகளை வெயிலில் நிறுத்திப் பிரித்துப்போட இடமில்லை. தரைக்குக் கீழே, எண் போட்ட கட்டங்களில் நிற்கின்றன. தண்ணீரில் ஓடும் காரைக் கண்டுபிடித்தவர் என்று யாராவது ஒருவரின் வீடியோ மாதந்தவறாமல் கைப்பேசிக்கு வருகிறது. யாரும் மறுப்பதில்லை, யாரும் நம்புவதுமில்லை. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

அம்மா காலமானபின் அப்பா என்னோடுதான் இருக்கிறார். சென்ற வாரம் அப்படியொரு வீடியோவை வேண்டுமென்றே அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "இது எப்படிப்பா ஓடும், பேட்டரிக்குச் சக்தி எங்கேயிருந்து வருது?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். கடைசிவரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓடுனா நல்லதுதாம்மா" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.